ரூம்மேட் தந்த அடெரால்: ஒரு மாணவரின் கேள்வியும் மனநல மருத்துவரின் பதிலும்

கேள்வி

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எனக்கு 23 வயது. டெக்சாஸில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாவது செமஸ்டர். பிப்ரவரியில் ஒரு அசைன்மென்டுக்காக இரவு விழித்திருந்தபோது என் ரூம்மேட் தன்னுடைய அடெரால் 20 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தந்தான். அவனுக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாட்டுக் கோளாறுக்காக டாக்டர் எழுதித் தந்த மருந்து அது. இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் விடிய விடிய கோட் எழுதினேன். அப்படி ஒரு கவனம் எனக்கு வந்ததே இல்லை. இப்போது வாரத்தில் நான்கு நாள் போடுகிறேன், சில நாள் இரண்டு மாத்திரை. சாப்பாடு இறங்குவதில்லை. நெஞ்சு எரிந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த ஈனோவைக் கலக்கிக் குடிக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போதே வாட்ச்சில் நாடித்துடிப்பு 112 காட்டுகிறது. மாத்திரை போடாத நாளில் படுக்கையை விட்டு எழ மனசே வருவதில்லை. இந்த மாதம் ஃபார்மசியில் ஸ்டாக் இல்லை என்று ரூம்மேட்டுக்கே மருந்து கிடைக்கவில்லை. ஸ்னாப்சாட்டில் ஒருவனிடம் ஒன்று 10 டாலர் என்று ஐந்து வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை. ஃபைனல்ஸுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் ஆபத்தா? இந்த மருந்து இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால் எனக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அடுத்த வாரம் அண்ணன் சென்னையிலிருந்து வருகிறார். இதற்குப் பதிலாக, தூக்கம் வராமல் வைக்கும் மாடலெர்ட் மாத்திரையை வாங்கிவரச் சொல்லலாமா? வீட்டில் யாருக்கும் தெரியாது. சித்தப்பா 36 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டதிலிருந்து அம்மா எதற்கெடுத்தாலும் பயப்படுகிறார், அவரிடம் சொல்லவே முடியாது.

பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காமல் விட்ட இரண்டு விஷயங்கள்தான் இன்றைக்கே கவனிக்க வேண்டியவை. ஒன்று, டிராயரில் இருக்கும் ஐந்து மாத்திரை. மற்றொன்று, கடைசியில் போகிறபோக்கில் எழுதிய உங்கள் சித்தப்பா.

அந்த ஐந்தில் ஒன்றைக்கூட வாயில் போடாதீர்கள், பாதியாக உடைத்தும் வேண்டாம். சமூக ஊடகத்தில் 'அடெரால்' என்று விற்கப்படும் மாத்திரைகளில் கணிசமானவை மருந்துக் கம்பெனியில் செய்தவையே அல்ல. அதே நிறம், அதே வடிவம், மேலே அதே எழுத்தும் எண்ணும் பொறித்து மாத்திரை அச்சு இயந்திரத்தில் அடித்தவை. உள்ளே இருப்பது பெரும்பாலும் மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள், சிலவற்றில் மூச்சையே நிறுத்தக்கூடிய ஃபென்டனில் என்ற வலிநிவாரணி. ஃபென்டனில் 2 மி.கி. இருந்தாலே, பழக்கமில்லாத உடம்புக்கு உயிர் போகக்கூடிய அளவு என்கிறது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை. பென்சில் முனையில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான் அது. 2022 மே மாதம், தேர்வு நேரத்தில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். ஃபென்டனில் கலந்த போலி அடெரால் நடமாடுகிறது என்று பல்கலைக்கழகம் அப்போது மாணவர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பியது. 2022 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அடெராலுக்குத் தட்டுப்பாடு இருப்பதாக அறிவித்ததும் இந்தப் போலிச் சந்தைக்கு வசதியாகப் போயிற்று. உங்கள் ரூம்மேட்டுக்கு ஸ்டாக் இல்லை என்றதும் நீங்கள் ஸ்னாப்சாட்டுக்குப் போனதைப் போலத்தான் பலரும் போகிறார்கள்.

ஃபென்டனில் பரிசோதனைத் தாள் வாங்கிப் பார்த்துவிட்டுப் போடலாமே என்று தோன்றும். மாத்திரைக்குள் ஃபென்டனில் சீராகக் கலந்திருக்காது. ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தால் தாள் 'இல்லை' என்று காட்டலாம், மீதியில் இருக்கலாம். சரியாகப் பார்க்க முழு மாத்திரையையும் தண்ணீரில் கரைக்க வேண்டும். அப்புறம் உள்ளே இருக்கும் மெத்தாம்ஃபெட்டமினைத் தாள் காட்டவும் காட்டாது. எனவே அந்த வழி உங்களுக்கு வேண்டாம். ஐந்தையும் பயன்படுத்திய காப்பித்தூளோடு ஈரமாகக் கலந்து, மூடிய பையில் போட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்றவனிடமும் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

உங்கள் அபார்ட்மென்டில் இப்படி மாத்திரை வாங்குகிறவர் வேறு யாராவது இருந்தால், ஃபென்டனிலை முறிக்கும் நார்கேன் மூக்கு ஸ்ப்ரே ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். 2023 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே ஃபார்மசியில் கிடைக்கிறது, பல பல்கலைக்கழகங்களில் இலவசமாகவே தருகிறார்கள். ஒருவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மிகமிக மெதுவாகி, தொண்டையில் குறட்டை போலக் களகளவென்று சத்தம் வந்தால் ஃபென்டனிலைச் சந்தேகிக்க வேண்டும். நம் நிறத்துக்கு உதடு நீலமாகத் தெரியாது, சாம்பல் பூத்தது போல இருக்கும். ஈறையும் நகக்கண்ணையும் பாருங்கள். உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரு ஸ்ப்ரே, இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் மற்ற துவாரத்தில் இன்னொன்று.

இனி சித்தப்பா. அடெராலில் இருக்கும் ஆம்ஃபெட்டமின் சராசரி ஆளுக்கு நாடித்துடிப்பை நிமிடத்துக்கு மூன்று முதல் ஆறு வரைதான் ஏற்றும், இரத்த அழுத்தத்தை இரண்டு முதல் நான்கு புள்ளி. ஆரோக்கியமான இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய், இதய மின்துடிப்பில் பிறவிக் கோளாறு போன்றவை வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் குடும்பத்தில் ஓடலாம். அப்படிப்பட்ட இதயத்துக்கு இந்த மருந்து ஆபத்து. அதனால்தான் முறைப்படி இதை எழுதும் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே கேட்பார்: வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா, ஓடும்போது உங்களுக்கு மயக்கம் வந்திருக்கிறதா என்று. அதில் முதல் கேள்விக்கு உங்கள் பதில் 'ஆமாம்'. ரூம்மேட் அதைக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்கத் தெரியவும் தெரியாது. சித்தப்பா இறந்தது இதயத்தால்தான் என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. பார்க்காமல் விடவும் முடியாது.

எனவே இந்த வாரமே பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நேரம் வாங்கி இந்த மூன்றையும் சொல்லுங்கள்: எத்தனை வாரமாக, ஒரு நாளைக்கு எத்தனை மி.கி.; ஓய்வில் நாடித்துடிப்பு 112; அப்பாவின் தம்பி 36 வயதில் தூக்கத்தில் மரணம். ஈ.சி.ஜி. எடுப்பார்கள், தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். நாடியை வாட்ச்சை மட்டும் நம்பிப் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், உடம்பு கொதிப்பதோடு குழப்பம், இதுவரை கண்டிராத தலைவலி இவற்றில் எது வந்தாலும் மையம் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள், 911.

ஈனோவையும் விட்டுவிடுங்கள். அதில் இருப்பது முக்கியமாகச் சமையல் சோடா. சிறுநீர் காரமாகும்போது சிறுநீரகம் ஆம்ஃபெட்டமினை மெதுவாகத்தான் வெளியேற்றும். போட்டது 20 மி.கி. என்றாலும் உடம்பில் தங்கும் நேரம் கூடிவிடும். நெஞ்செரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வெறும் வயிற்றில் போடும் மாத்திரைதான், அதைத் தணிக்கப் போட்ட சோடா மாத்திரையின் பிடியை இன்னும் நீட்டுகிறது. 112-க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இப்போது உங்கள் கேள்விகள். மருந்து வேலை செய்வதால் எனக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்பது ரொம்பப் பேர் செய்யும் கணக்கு, தப்பான கணக்கு. 1978-லேயே அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜூடித் ராப்போபோர்ட் குழுவினர், எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு அடெராலின் முக்கியக் கூறான டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் துறுதுறுப்பு குறைந்தது, கவனம் கூடியது. யாருக்குக் கொடுத்தாலும் மூளையில் டோபமின், நாரெபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள்கள் கூடும், யாராக இருந்தாலும் உட்கார வைக்கும். நோய் இருக்கிறதா என்று சொல்லும் சக்தி மாத்திரைக்கு இல்லை.

நன்றாக வேலை செய்கிறது என்கிறீர்களே, அதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 2013-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அடெரால் 20 மி.கி., இன்னொரு நாள் வெற்று மாத்திரை என்று கொடுத்து நினைவாற்றல், படைப்பாற்றல், அறிவுத்திறன் எல்லாவற்றையும் சோதித்தார்கள். நம்பிச் சொல்லும்படியான முன்னேற்றம் எதிலும் இல்லை. தெளிவாகக் கூடியது ஒன்றே: 'மருந்தால் இன்று பிரமாதமாகச் செய்தேன்' என்ற எண்ணம். 2023-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். இது உங்கள் படிப்புக்கே உரிய விஷயம். 40 பேருக்கு நாப்சாக் கணக்கைக் கொடுத்தார்கள்: பையின் எடை வரம்புக்குள் மதிப்பு அதிகம் வரும்படி பொருள்களைப் பொறுக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின், ஏ.டி.எச்.டி.க்குத் தரும் இன்னொரு மருந்தான மீதைல்ஃபெனிடேட், மாடலெர்ட்டில் இருக்கும் மொடாஃபினில் மூன்றில் எதைப் போட்டபோதும் அதிக நேரம் செலவிட்டார்கள், அதிகமாகப் பொருள்களை எடுத்தும் வைத்தும் பார்த்தார்கள். முயற்சியின் தரமோ இறங்கியது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேலே இருந்தவர்கள் மருந்தோடு சராசரிக்குக் கீழே போனார்கள்.

அன்று விடிய விடிய எழுதிய கோடை எடுத்துப் பாருங்கள். நிறைய எழுதியிருப்பீர்கள். தேவையில்லாத ஒரு ஃபங்ஷனை நாலு முறை மாற்றி எழுதியதும், மார்க் எதற்கு அதிகமோ அந்தப் பகுதி கடைசியில் அவசரமாக முடிந்ததும் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். எதில் உட்கார்ந்தோமோ அதிலேயே ஒட்டிக்கொள்வதுதான் இந்த மருந்தின் குணம். சலிப்பான வேலை அன்றைக்குச் சுவையாகத் தெரியும், செய்து முடித்தது உயர்ந்ததாகவும் தெரியும். அந்தத் திருப்தி மருந்து தருவது என்பதால், மருந்தைப் பற்றி நீங்கள் தரும் சாட்சியத்தை நீங்களே நம்ப முடியாது. என் கணிப்பில் இந்தப் பழக்கம் பல்கலைக்கழகங்களில் இவ்வளவு வேரூன்றியதற்கு அதுதான் முதல் காரணம். 1930-களின் கடைசியிலேயே அமெரிக்க மாணவர்கள் பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரையை இதே நம்பிக்கையோடு விழுங்கியிருக்கிறார்கள்.

அதோடு தூக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின் பாதியாகக் குறையச் சுமார் 10 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்கு 20 மி.கி. போட்டால் மறுநாள் காலை 8 மணிக்கும் ஏறத்தாழ 10 மி.கி. அளவு உடம்பில் இருக்கும். அதன் மேல் இன்னொன்று போட்டால் அன்று இரவும் தூக்கம் போச்சு. 'வேலை செய்யும் நேரம் ஆறு மணி' என்று பொதுவாகச் சொல்வது கூர்மை தெரியும் நேரத்தை. தூக்கத்தைக் கெடுக்கும் நேரம் அதைவிட நீளம். படித்தது நினைவில் உறைவதே தூக்கத்தில்தான். இரண்டு மாத்திரை நாள்களைப் பற்றி இன்னொன்று: 2024-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 40 மி.கி. அடெராலுக்கு மேல் எடுத்தவர்களுக்குப் புதிதாக மனப்பிறழ்வோ (சைக்கோசிஸ்) உன்மத்தமோ (மேனியா) வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. உங்களுடைய இரண்டு மாத்திரை சரியாக அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது. யாரோ கூப்பிடுவது போலக் கேட்பது, ரூம்மேட் உங்களைப் பற்றித்தான் பேசுகிறான் என்று உறுதியாகத் தோன்றுவது, இவை இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

திடீரென்று நிறுத்தலாமா? நிறுத்தலாம். மதுவையும் பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் வகை மாத்திரைகளையும் நீண்டநாள் எடுத்துவிட்டுச் சட்டென்று விட்டால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. ஆம்ஃபெட்டமினில் அது கிடையாது. வருவது வேறு. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் அமுக்கும், பசி பேய்ப்பசியாக இருக்கும், எதிலும் பிடிப்பிருக்காது. அதன் பிறகு மெல்லத் தெளியும். நீங்கள் எடுத்த அளவுக்குப் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வரலாம். ஃபைனல்ஸுக்கு மூன்று வாரம் இருப்பதால் கணக்கு சரியாக வருகிறது, ஆனால் இந்த வெள்ளிக்கிழமையே நிறுத்தினால்தான். அடுத்த வாரம் என்று தள்ளினால் சோர்வு நாள்கள் தேர்வு மேல் விழும்.

சனி, ஞாயிறு தூங்குங்கள், படிக்கத் திட்டமே போடாதீர்கள். திங்கள் முதல் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும், தூங்கப் போகும் நேரம் தானாக ஒழுங்குக்கு வரும். காப்பி காலையில் இரண்டு கப், மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம். எனர்ஜி டிரிங்கின் ஒரு கேனில் 200 மி.கி. காஃபின் இருக்கலாம், அந்தப் பக்கமே போகாதீர்கள். தூக்கத்துக்கு ரூம்மேட்டிடம் வேறு மாத்திரை வாங்குவதும், சோர்வுக்கு பீர் குடிப்பதும் அடுத்த வம்பு. சளி பிடித்தால் சூடோஎஃபெட்ரின் உள்ள மாத்திரையும் நாடியை ஏற்றும். முதல் வாரத்தில் 40 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது என்று வைத்துக்கொண்டே பாடத்தைப் பிரியுங்கள், பழைய கேள்வித்தாளைப் புத்தகம் மூடி எழுதிப் பாருங்கள். மனச்சோர்வு ஆழமாகி, 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். நிறுத்திய பிறகு மனம் சரிவது தெரிந்த விஷயம், அதைத் தனியாகத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த ஒருவராவது அறையில் இருக்கட்டும். அம்மாவிடம் இன்று சொல்ல வேண்டாம் என்றால் வரப்போகும் அண்ணனிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் ஆகியும் தேர்வெழுத முடியாது என்று தெரிந்தால் ஒரு பாடத்தை விடலாம், ஆனால் நீங்களாகப் போர்ட்டலில் 'டிராப்' அழுத்தாதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முழுப் பாடச்சுமைக்குக் கீழே போவதற்கு முன்பே, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. என்ற பொறுப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். மருத்துவர் கடிதம் இருந்தால் உடல்நலக் காரணத்துக்குத் தருவார்கள். பேராசிரியரிடம் 'இன்கம்ப்ளீட்', அதாவது பாடத்தைப் பிறகு முடிக்க அவகாசம், கேட்பது அதைவிட எளிய வழி, முதலில் அதைக் கேளுங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். அடெரால் அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சீட்டில்லாமல் ஒன்று வைத்திருந்தாலும் குற்றம்; உங்களுக்கு இனாமாக உடைத்துத் தந்தாரே ரூம்மேட், சட்டத்தின் கண்ணில் அது விநியோகம். குடியுரிமை உள்ளவருக்கு அபராதத்தோடு போகக்கூடியது விசாவில் இருப்பவருக்கு அப்படிப் போகாது. போதைப்பொருள் தண்டனை ஒன்று பதிவானாலே நாடு கடத்தலுக்கு வழி, சிறிதளவு கஞ்சாவுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. தண்டனையே இல்லாமல், குடிவரவு அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நுழைவு மறுக்கப்படலாம். எனவே இதைப் பற்றி நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் மருத்துவப் பதிவு அந்தரங்கமானது, சந்தேகமிருந்தால் பேசத் தொடங்கும் முன்பே யாருக்குத் தெரியவரும் என்று கேட்டுக்கொள்ளலாம். குடிவரவுப் படிவத்தில் இதுபற்றிக் கேள்வி வந்தால் பொய்யும் எழுதாதீர்கள், அவசரப்பட்டு உண்மையும் எழுதாதீர்கள். குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சம்மர் இன்டர்ன்ஷிப்புக்குச் சிறுநீர்ப் பரிசோதனை கேட்டால் கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வரை காட்டும். சில பல்கலைக்கழகங்கள் சீட்டில்லாமல் இந்த மருந்தை எடுத்துப் படிப்பதைத் தேர்வு மோசடியாகவும் நடத்துகின்றன. டியூக் பல்கலைக்கழகம் 2011-லேயே விதியில் சேர்த்துவிட்டது.

உண்மையிலேயே ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்ற சந்தேகத்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பெரியவர்களில் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. ஆனால் அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வகுப்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி முழுக்க நன்றாகப் படித்து, எம்.எஸ். வந்த பிறகு, வாரம் 20 மணி நேர வேலையும் நாலு மணி நேரத் தூக்கமுமாக இருக்கும்போது மட்டும் கவனம் சிதறினால் முதலில் தூக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிறுத்தி ஒரு மாதமாவது கழித்து மதிப்பீட்டுக்குப் போங்கள், இப்போது போனால் மருந்தின் விளைவும் நோயும் பிரித்துத் தெரியாது. ஐந்தாவது ஆறாவது வகுப்பு ரேங்க் கார்டில் ஆசிரியர் குறிப்பு எழுதிய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மதிப்பிடுபவருக்கு அவை மிகவும் உதவும். பல பல்கலைக்கழக மையங்களில் இந்த மதிப்பீட்டைச் செய்வதில்லை, வெளியே அனுப்புவார்கள். காப்பீடு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். நோய் உறுதியானாலும் அடெரால்தான் என்றில்லை. அடோமாக்செடின் போதைப்பட்டியலில் இல்லாத மருந்து, முழுப்பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும். அதுவும் நாடியையும் அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும் என்பதால் ஈ.சி.ஜி. முடிவு எதற்கும் முதலில் வர வேண்டும்.

மாடலெர்ட் வேண்டாம். அதில் இருக்கும் மொடாஃபினில் அமெரிக்காவில் நான்காம் பட்டியலில் உள்ள மருந்து. சீட்டில்லாமல் தம்பிக்காகப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால் விமான நிலையத்தில் மாட்டப்போவது உங்கள் அண்ணன். நாப்சாக் கணக்கில் தரத்தை இறக்கிய மூன்று மருந்துகளில் அதுவும் ஒன்று என்று மேலே சொன்னேன். பாதியாகக் குறைய அதற்குச் சுமார் 15 மணி நேரம் ஆகும், அடெராலைவிட அதிகம். அபூர்வமாகத் தோல் உரியும் அளவுக்குக் கடும் ஒவ்வாமையும் வரும். ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் சென்னையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.